பிழைத்தவர்கள் சொல்லும் வரலாறு: மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கிறது. உள்ளே இருந்த சாப்பாடு கரியாகி டப்பாவோடு ஒட்டிக் கிடக்கிறது. அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்று காலை வேலைக்கு அனுப்பப்பட்ட 13 வயதுப் பள்ளி மாணவன் கையோடு எடுத்துப் போனது அது. மகனைத் தேடிப் போன அம்மா, அவன் உடலுக்கு அடியில் அந்த டப்பாவைக் கண்டெடுத்தார்.

அம்மா சொன்னதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கருகிய டப்பா. டப்பா இல்லாமல் அவர் சொன்னது மட்டும் இருந்திருந்தால் பத்தோடு பதினொன்றாகக் காதில் விழுந்து போயிருக்கும். பொருளும் நினைவும் சேர்கிற அந்த இடத்தில் ஒரு மாணவரை ஐந்து நிமிடம் நிற்கவைப்பதுதான், போர், இனப்படுகொலை போன்ற கொடுமைகளிலிருந்து பிழைத்தவர்களின் நினைவைத் தாங்கிய அருங்காட்சியகத்துக்குப் போகும் பயணத்தின் வேலை. பெரும்பாலான பயணங்களில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. பிள்ளைகள் மேல் பழி போடுவது சுலபம். உண்மையில் கெடுவது இரண்டு வாரம் முன்னாலேயே, திட்டம் போடும் மேசையில்.

யாரை, எங்கே

வயதை முதலில் முடிவு செய்யுங்கள். போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் நினைவிடம் 14 வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்துவர வேண்டாம் என்று சொல்கிறது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் தன் நிரந்தரக் காட்சியை 11 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே பரிந்துரைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கென்று டேனியல் என்ற சிறுவனின் பார்வையில் தனியாக ஒரு காட்சியை அமைத்தது. டேனியல் உண்மையான ஒரு சிறுவன் அல்ல, பல பிள்ளைகளின் அனுபவங்களைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம். இதுபோன்ற காட்சிக்குப் போகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால், "அப்போ மத்ததெல்லாம்கூட கதையா?" என்று கேட்கும் மாணவருக்குப் பதில் சொல்வது கடினம்.

அருங்காட்சியகத்தின் வயது வரம்பு வகுப்பின் சராசரிக்குத்தான் பொருந்தும். வகுப்பில் சமீபத்தில் மரணத்தைப் பார்த்த பிள்ளை இருக்கலாம். போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம். அவர்களிடமும் பெற்றோரிடமும் தனியாக, குறைந்தது ஒரு வாரம் முன்பே பேசுங்கள். "இவங்க குடும்பமும் இப்படித்தான் வந்தாங்க, நீ சொல்லேன்" என்று அவரை வகுப்பின் நடுவே சாட்சியாக்குவது பெரிய தவறு. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால்தான் அது அடிக்கடி நடக்கிறது. அதேபோல, குற்றம் இழைத்த தரப்பின் இனத்தையோ மதத்தையோ மொழியையோ சேர்ந்த பிள்ளையும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "அவங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், அந்த அரசு, அந்தப் படை, அந்தக் கட்சி என்று குறிப்பாகச் சொல்லப் பழகுங்கள். பெரிய வித்தியாசத்தை இந்தச் சின்ன மாற்றம் உண்டாக்கும்.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் "கல்விச் சுற்றுலா" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் காட்சிகள், எந்த மாதிரிப் படங்கள், யார் பேசப்போகிறார், எவ்வளவு நேரம் என்பதை நான்கு வரியில் எழுதுங்கள். வர விரும்பாத மாணவருக்கு அதே பாடத்தில் வேறு வேலை கொடுங்கள். நூலகத்தில் சும்மா உட்காரவைத்தால் அது தண்டனையாகத்தான் தெரியும்.

முதலில் நீங்கள் நடந்து பாருங்கள்

கைக்கடிகாரமும் ஒரு தாளுமாக ஒருமுறை தனியாகப் போய் வாருங்கள். இணையதளத்தைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுபவர்கள் அகப்படும் இடம் இதுதான். ருவாண்டாவின் கிகாலி இனப்படுகொலை நினைவிடத்தில் பிள்ளைகளுக்கென ஒரு பகுதி உண்டு. பெயரைப் பார்த்துச் சின்ன வகுப்பை அங்கே அனுப்பத் தோன்றும். 1994-இல் கொல்லப்பட்ட பிள்ளைகளுக்கான பகுதி அது. ஒவ்வொரு பிள்ளையின் பெரிய படம், கீழே பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு, கடைசியில் எப்படிக் கொல்லப்பட்டது என்ற வரி. அங்கே அதைவிடக் கனமான பகுதி வேறு இல்லை எனலாம்.

நடக்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை: ஒவ்வொரு கூடத்துக்கும் ஆகும் நேரம் (உங்களுக்கு ஆவதைப்போல ஒன்றரை மடங்கு மாணவர்களுக்கு வையுங்கள்), உட்கார எங்கே இடம் உண்டு, பாதியில் வெளியேறும் வழி எது, கழிப்பறை எந்தத் தளத்தில், படம் எடுக்க எங்கே தடை, எந்தக் கூடத்தில் ஒலிப்பதிவு சத்தமாக ஓடுகிறது. பாதியில் வெளியேறும் வழி மிக முக்கியம். பல நினைவு அருங்காட்சியகங்கள் ஒருவழிப் பாதையாகக் கட்டப்பட்டவை. நடுவில் திணறும் பிள்ளையை எப்படி வெளியே கொண்டுவருவது என்று அங்குள்ள ஊழியரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.

இதே நடையில் மூன்று பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்றே மூன்று. மற்றவை எல்லாம் வழியில் பார்த்துப் போவதற்கு. ஒவ்வொன்றோடும் ஒருவரின் சொல் சேர்ந்திருக்க வேண்டும்: விளக்க அட்டையில் மேற்கோளாக, ஒலிப்பதிவாக, கடிதமாக. அமிர்தசரஸ் டவுன் ஹாலில் 2017-இல் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகத்தில் ஒரு புல்காரி (பஞ்சாபிப் பூவேலை) மேலங்கியும் ஒரு தோல் பெட்டியும் இருக்கின்றன. திருமணம் நிச்சயிக்கப்பட்டு 1947 கலவரத்தில் பிரிந்துபோன இருவருடையவை. அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் அவர்கள் மறுபடி சந்தித்தார்கள். மேலங்கியைப் பார்த்து என்ன தெரிகிறது, கதையைக் கேட்டபின் என்ன தெரிகிறது என்று பிரித்துப் பேச இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் போதும்.

வகுப்பறையில் மூன்று பாடவேளை

முதல் வேளை: காலமும் இடமும். ஒரு வரைபடம், பத்துத் தேதிக்கு மிகாத காலக்கோடு. பிழைத்தவர் தன் பேச்சில் காலத்தை முன்னும் பின்னுமாகத் தாண்டுவார். பின்னணி தெரியாத மாணவர் அங்கேயே தொடர்ச்சியை விட்டுவிடுவார்.

இரண்டாம் வேளை: கேட்கும் பயிற்சி. பதிவு செய்யப்பட்ட ஒரு சாட்சியத்திலிருந்து எட்டு அல்லது பத்து நிமிடம் போடுங்கள். முதல்முறை யாரும் எதுவும் எழுதக் கூடாது. இரண்டாம்முறை, மூன்று பத்தி கோடு போட்ட தாளில் எழுதட்டும்: அவரே கண்டது, மற்றவர் சொல்லக் கேட்டது, பின்னாளில் படித்தோ விசாரித்தோ தெரிந்துகொண்டது. "பக்கத்துத் தெருவில் எல்லோரையும் கொண்டுபோய்விட்டார்கள்" என்ற ஒரு வாக்கியத்தை எந்தப் பத்தியில் போடுவது என்று வகுப்பு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். பாடநூலின் ஒரு அதிகாரம் கற்றுத்தராததை அந்தச் சச்சரவு கற்றுத்தரும்.

மூன்றாம் வேளை: நினைவு தவறினால் என்ன அர்த்தம் என்பது. இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இரண்டில் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். ஒன்று, பிழைத்தவர் சொன்னதெல்லாம் எழுத்துக்கு எழுத்து சரி என்று எடுத்துக்கொள்வது. இல்லாவிட்டால், ஒரு தேதி தப்பிவிட்டது என்றதும் எல்லாமே பொய் என்று முடிவுகட்டுவது. இரண்டு எடுத்துக்காட்டுகள் வகுப்புக்கு நன்றாக உதவும்.

1944 அக்டோபர் 7 அன்று ஆஷ்விட்ஸில் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிணம் எரிக்கும் கூடங்களின் நான்கு புகைபோக்கிகள் வெடித்ததைக் கண்டதாக ஒரு பெண் பல ஆண்டுகளுக்குப் பிறகு சாட்சியம் சொன்னார். வெடித்தது ஒன்றுதான் என்றார்கள் வரலாற்றாய்வாளர்கள். எண்ணிக்கை தவறு. ஆனால் எதிர்ப்பு என்பதே நடக்காது என்று நம்பவைக்கப்பட்ட ஓர் இடத்தில் அது நடந்துவிட்டது என்பதுதான் அவர் கண்டது. அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதை அந்த "நான்கு" சொல்கிறது.

இரண்டாவது, இத்தாலியின் டெர்னி நகரம். நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேருவதை எதிர்த்த ஊர்வலத்தில் ஓர் இளம் உருக்காலைத் தொழிலாளி 1949-இல் காவல்துறையால் கொல்லப்பட்டார். பல்லாண்டு கழித்துத் தொழிலாளர்களைக் கேட்டபோது, 1953-இல் ஆலையில் நடந்த பெரும் ஆட்குறைப்பின்போது கொல்லப்பட்டதாகப் பலர் சொன்னார்கள். மறதி மட்டுமே இதற்குக் காரணம் என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆண்டைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இவர்கள் ஒரே பக்கமாகத் தவறினார்கள். அந்த ஊருக்கு எந்தக் காயம் பெரியது என்று அதிலிருந்து தெரிகிறது. "ஏன் இப்படி நினைவில் நிற்கிறது?" என்ற கேள்வியை மாணவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் அளவுக்கு இந்த வேளையை நடத்துங்கள்.

நேரில் பேச வருபவருக்கு

முதிர்ந்தவர் என்பதை எப்போதும் மனதில் வையுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, பக்கத்தில் மூடியிட்ட தண்ணீர், கழுத்தில் மாட்டும் மைக். கையில் பிடிக்கும் மைக் பத்து நிமிடத்தில் மடியில் இறங்கிவிடும், பின்வரிசைக்கு எதுவும் கேட்காது. காது மந்தமாக இருக்கலாம்; மாணவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் ஆசிரியர் அருகில் நின்று மெதுவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சுக்கு 40 நிமிடம், கேள்விக்கு 20 நிமிடம். அவருடன் வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும். போக்குவரத்து உங்கள் பொறுப்பு. திரும்பிக் கொண்டுபோய் விடுவதும்தான். பேருந்து தாமதித்து அவரை முக்கால் மணிநேரம் காக்கவைத்தால் சொல்ல வந்ததன் பாதித் தெம்பு அங்கேயே போய்விடும்.

முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டியவை நான்கு: எதைப் பற்றிக் கேட்கக் கூடாது, பதிவு செய்யலாமா, அந்தப் பதிவை யார் பார்க்கலாம், எப்படி அழைக்கப்பட விரும்புகிறார். கடைசியானது அற்பமாகத் தோன்றும். தாத்தா, பாட்டி என்று உறவு சொல்லிக் கூப்பிடுவது சிலருக்கு இதம். பேரப்பிள்ளைகளை இழந்தவருக்கு நாற்பது வாய் ஒரே நேரத்தில் "பாட்டி" என்றால் எப்படியிருக்கும்? ஐயா, அம்மா என்பது பெரும்பாலும் பாதுகாப்பானது, ஆனாலும் கேட்டுவிடுங்கள். நினைவு நாளன்று அழைக்காமல் இருப்பது நல்லது. அன்று அவருக்குச் சொந்த வேலை இருக்கும்.

எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நிறுத்தினால் என்ன செய்வது என்று மாணவரிடமும் சொல்லிவையுங்கள்: அமைதியாக இருக்க வேண்டும், கைதட்டக் கூடாது, ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கக் கூடாது. அழுகை வந்து பேச்சு நிற்கும் அந்த முப்பது விநாடியை ஏதாவது பேசி நிரப்பத்தான் ஆசிரியருக்குக் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். அவரே தொடருவார், இல்லாவிட்டால் போதும் என்பார்.

பேசுபவர் ஒரு சமூகத்தையே பழித்துப் பேசுவதும் நடக்கும். அவரை இடைமறித்துத் திருத்துவது சரியல்ல. கேட்காததுபோல் கடந்துபோவதும் சரியல்ல. மறுநாள் வகுப்பில் அந்த வாக்கியத்தைப் பெயரோடு எடுத்து, அவர் பட்டது இது, அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு இது, முடிவை நாம் தனியாக யோசிக்கலாம் என்று பிரித்துக் காட்டுங்கள்.

கேள்விகள்

தயாரித்துக்கொண்டு போகாவிட்டால் முதல் கேள்வி "எவ்வளவு பயமா இருந்துச்சு?" என்றும், இரண்டாவது "அவங்களை மன்னிச்சிட்டீங்களா?" என்றும்தான் வரும். முதலாவதற்கு ஒரு வார்த்தையில்தான் பதில் உண்டு. இரண்டாவது, எதிரில் இருப்பவரை நீதிபதியாகவோ மகானாகவோ ஆகச் சொல்கிறது.

நல்ல கேள்வி சின்னதாக, கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கும். அன்று காலையில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? கிளம்பும்போது கையில் என்ன எடுத்தீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள்? யாராவது உதவினார்களா, அவர் என்ன செய்தார்? மறுபடி பள்ளிக்கூடத்துக்கு எப்போது போனீர்கள்? இதை முதன்முதலில் யாரிடம் சொன்னீர்கள்? கடைசிக் கேள்வி பெரும்பாலும் அவரையே யோசிக்கவைக்கும். பல பத்தாண்டுகள் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. முன்பு, அப்போது, பின்பு என்று மூன்று பகுதிக்கும் கேள்வி இருக்கட்டும். நடுப்பகுதியை மட்டும் கேட்டால், அந்த மனிதரை அவர் பட்ட கொடுமையாக மட்டுமே மாணவர் நினைவில் வைப்பார்.

வகுப்பில் ஒவ்வொருவரும் இரண்டு எழுதட்டும். ஆசிரியர் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, கேட்பவர் பெயரோடு வரிசையிட்டால் போதும். இருபது நிமிடத்தில் ஆறோ ஏழோதான் கேட்க முடியும். முதல் கேள்வியைக் கூச்சமில்லாத ஒருவருக்குக் கொடுங்கள். ஆரம்ப மௌனம் நீண்டால் கூடமே இறுகிவிடும்.

கூடத்துக்குள்

ஒரு பேழை முன்னால் பதினைந்து பேருக்கு மேல் நின்றால் பின்னால் இருப்பவர் முதுகைத்தான் பார்ப்பார். நாற்பது மாணவர் என்றால் மூன்று குழு, குழுவுக்கு ஒரு பெரியவர், மூன்று பொருளையும் சுழற்சியில். பொருளுக்குப் பன்னிரண்டு நிமிடம்: மூன்று நிமிடம் பேசாமல் பார்த்தல், இரண்டு நிமிடம் அட்டையைப் படித்தல், நான்கு நிமிடம் சேர்ந்து பேசுதல், மூன்று நிமிடம் எழுதுதல். பேனா பல இடங்களில் அனுமதி இல்லை, பென்சில் கொடுங்கள். எழுத அட்டை வேண்டும். இல்லையென்றால் கண்ணாடிப் பேழைமேல் தாளை வைத்து எழுதுவார்கள், ஊழியர் அதட்டுவார், அத்தோடு சூழல் போயிற்று.

கோடிட்ட இடங்கள் நிறைந்த பயிற்சித்தாள் வேண்டவே வேண்டாம். நாற்பது கேள்வி கொடுத்தால் மாணவர் பொருளைப் பார்க்கவே மாட்டார். அட்டையிலிருந்து ஆண்டைத் தேடி எழுதிவிட்டு அடுத்ததற்கு ஓடுவார். ஒரு தாள், மூன்று பொருள், ஒவ்வொன்றுக்கும் "கண் சொன்னது", "அட்டை சொன்னது", "ஆள் சொன்னது" என்ற மூன்று கட்டம். அவ்வளவுதான்.

யாராவது சிரிப்பார்கள். திட்டாதீர்கள். தாங்க முடியாததைப் பார்க்கும்போது பதின்ம வயதில் சிரிப்பாக வெளிவருவது வழக்கம். தோளில் கை வைத்து இரண்டு நிமிடம் வெளியே அழைத்துப் போனால் தானாக அடங்கும். அழும் பிள்ளையைவிட, எதுவும் பேசாமல் முகம் வெளிறி நிற்கும் பிள்ளையைக் கவனியுங்கள்.

நடிக்கவைக்கும் விளையாட்டுகள் வேண்டாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுவது, காவலர்-கைதி வேடம் போடுவது எல்லாம் "எங்களுக்கும் தெரியும்" என்ற பொய்யான நிறைவைத்தான் தரும். ஹிரோஷிமா அருங்காட்சியகம்கூட, தோல் உரிந்து நடந்த மனிதர்களைக் காட்டிய உருவ பொம்மைகளை 2017-இல் அகற்றிவிட்டு, இறந்தவர்கள் விட்டுச்சென்ற உண்மையான பொருட்களுக்கு முதலிடம் கொடுத்தது.

பேச யாரும் இல்லாதபோது

பிழைத்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஹிரோஷிமா நகரம் 2012-இல் ஒரு திட்டம் தொடங்கியது: பிழைத்தவரிடம் நேரில் கேட்டுப் பயின்று, அவர் சார்பாக அடுத்த தலைமுறையினர் பேசுவது. அப்படிப் பேசுபவரை அழைத்தால் "நான்" என்று அவர் சொல்லும்போது யாரைச் சொல்கிறார் என்பதை மாணவருக்கு முன்பே விளக்குங்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் சிறையிருந்தவர்களே வழிகாட்டிகளாக இருந்து வந்திருக்கிறார்கள். இந்த வாய்ப்பு எங்கும் நிரந்தரமல்ல.

காணொளி என்றால், யூஎஸ்சி ஷோவா அறக்கட்டளையின் தொகுப்பில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன. பல மணிநேரம் ஓடுபவை. வகுப்புக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து பேரிடமிருந்து உருக்கமான துண்டுகளை ஒட்டிப் போடாதீர்கள். ஒரே ஆளை, அவர் வாழ்ந்த தெருவிலிருந்து தொடங்கிப் பின்தொடருங்கள். நிறுத்தி நிறுத்திப் போடலாம் என்பதுதான் பதிவின் ஒரே சாதகம், அதைப் பயன்படுத்துங்கள்.

யாருடைய குரல் இல்லை

கிளம்புமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவையுங்கள். சயாம் மரண ரயில்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43-இல், ஜப்பானியப் படை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையைப் போடவைத்தது. அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000-க்கும் மேல். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, நாட்குறிப்புகள் உண்டு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பன்மடங்கு செத்தார்கள். எண்ணிக்கைகூட மதிப்பீடுதான். எழுதிவைக்கத் தாளும் பென்சிலும் யாரிடம் இருந்தது, பிற்பாடு போய்க் கேட்டது யார் என்பதைப் பொறுத்துத்தான் பேழை நிறைகிறது என்று மாணவருக்குப் புரிய இது ஒன்று போதும்.

திரும்பி வந்த பின்

பேருந்தில் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். சத்தம் போட்டாலும் தூங்கினாலும் விடுங்கள். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, ஒரு பாடவேளை ஒதுக்கி, மூன்று கட்டத் தாளை வைத்துப் பேசுங்கள். உணர்ச்சிக்கு மதிப்பெண் போடக் கூடாது; போட்டால் உருக்கமாக எழுதக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். தான் பார்த்த பொருளுக்கு ஐம்பது சொல்லில் புதிய விளக்க அட்டை எழுதச் சொல்லுங்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, யார் சொன்னதென்று எப்படிக் குறிப்பது என்று அதில் எல்லாச் சிக்கலும் வந்துவிடும்.

நன்றிக் கடிதங்களை அனுப்புமுன் ஒவ்வொன்றையும் படியுங்கள். "உங்கள் வலி எனக்குப் புரிகிறது" என்று எழுதியவரைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள்: நீங்கள் சொன்னதில் எனக்கு இது மட்டும் நினைவில் நிற்கிறது என்று, ஒரே ஒரு விஷயத்தை. எல்லாக் கடிதங்களையும் ஒரே உறையில் போட்டு, இரண்டு வாரத்துக்குள் கொண்டுசேருங்கள். அதற்கு முன்னால், நிகழ்ச்சி முடிந்த மறுநாளே, யாராவது ஒருவர் அவருக்குத் தொலைபேசியில் பேசி, இரவு தூங்கினாரா என்று கேட்டுவிடுங்கள்.